மதியத்தில் மட்டும் அறுபடுவது

ஜூலை 3, திங்கள்

போர்டை மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, இன்று மானம் போயிற்று.

போர்டு என்றால் உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கணினி. சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வைஃபை வழியாக என் போனுக்குச் சொல்லும். கல்லூரியில் இருந்தபடியே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் மதியம்தான் வருகிறது. இன்று ஒரு மணிவாக்கில் ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டே மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் போனில் ‘தொடர்பு இல்லை’ என்று வந்தது. நிறுத்த வழியில்லை. தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர் காயப்போட்டிருந்த மோர்மிளகாய் முழுக்க நனைந்துவிட்டது. டீச்சர் மிளகாய்த் தட்டை என் கண்ணில் படும்படி மதில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

“வீட்லதானே இருந்த? தண்ணி வழியுதது காதுல விழலயா?” என்று மனைவி ஆவுடையிடம் கேட்டேன்.

“மிஷின் ஓட்டிக்கிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்?” என்றாள். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள்.

பழுது வந்தால் முதலில் எழுதி வை, பிறகு கை வை என்று ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் சொல்வேன். அதற்காகத்தான் இந்த நோட்டு. போர்டைப் பற்றி மட்டும் எழுதுவது.

ஜூலை 5, புதன்

சார்ஜர்தான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய போன் சார்ஜரைக் கொடுத்திருந்தேன். அளந்து பார்த்தால் மின்னழுத்தம் இறங்குகிறது. மின்சாரம் போதவில்லையென்றால் போர்டு முதலில் வைஃபையைத்தான் கைவிடும். நல்ல சார்ஜர் வாங்கி மாட்டினேன்.

ஜூலை 9, ஞாயிறு

சார்ஜர் மட்டும் காரணமில்லை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் இரண்டுமுறை விழுந்தது. இணையத்தில் தேடினேன். வேலை இல்லாத நேரத்தில் வைஃபை தானாகக் கண்ணயர்ந்துவிடுமாம், மின்சாரத்தை மிச்சப்படுத்த. அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்தேன். ரௌட்டரைப் புத்தக அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். ஆணி அடித்ததில் சுண்ணாம்பு பெயர்ந்து ஆவுடை துணிமேல் விழுந்தது. திட்டு வாங்கினேன்.

ஜூலை 14, வெள்ளி

காலையில் விழுவதில்லை. சாயங்காலமும் இல்லை. மதியம் மட்டும் விழுகிறது.

ஜூலை 18, செவ்வாய்

சின்னதாக ஒரு நிரல் எழுதிப் போர்டில் ஓடவிட்டிருக்கிறேன். சில நொடிக்கு ஒருமுறை அது ரௌட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் நேரத்தைக் குறித்து வைக்கும். இன்று மதியம் ஒன்றேகால் வாக்கில் இரண்டு நிமிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு நிமிடம். அதற்குப் பிறகு ராத்திரி வரை கல்லுப்போல நிற்கிறது.

அலைவரிசையை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. ஜெபமணி டீச்சர் வீட்டு வைஃபை இடிக்கிறதோ என்று அவர்களிடமும் போய்க் கேட்டேன். “நான் பகல்ல பள்ளிக்கூடத்துல இருக்கேன் தம்பி. வீடு பூட்டிக் கிடக்கு” என்றார். மிளகாயைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜூலை 21, வெள்ளி

திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே மாதிரி. சனி, ஞாயிறு விழுவதில்லை. மகள் தாரணியும் நானும் வீட்டில் இருக்கும் நாட்களில் தொடர்பு அறுவதே இல்லை. எந்திரத்துக்கு விடுமுறை நாள் எப்படித் தெரியும்?

இணைய மன்றம் ஒன்றில் விவரமாக எழுதிக் கேட்டிருந்தேன். யாரோ ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: ‘பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு உண்டா?’

உண்டு. போர்டுக்கு இரண்டடி தள்ளி, கீழ்த்தட்டில். மச்சினன் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதன் கதவு சரியாகப் பொருந்தாது. ஆனால் அதைத் தொடுவார் இல்லை. மதியம் ஆவுடை ஒருத்திதான் வீட்டில். காலையில் செய்ததை ஆறிய மாதிரியே போட்டுச் சாப்பிட்டுவிடுவாள். ஒருத்திக்கு எதற்குச் சூடு பண்ண என்பாள்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். “மத்தியானம் மைக்ரோவேவ் போடுதியா?”

“நானா? அதுக்குள்ள எலி கூடு கட்டியிருக்கான்னுகூடப் பாக்கல நான்” என்று எழுந்து போய் ரசம் எடுத்து வந்தாள். ரசம் ஏற்கெனவே என் தட்டில் இருந்தது.

ஜூலை 23, ஞாயிறு

ஆவுடையும் தாரணியும் கோயிலுக்குப் போன நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மைக்ரோவேவில் வைத்து ஓடவிட்டேன். போர்டின் தொடர்பு உடனே அறுந்தது. நிறுத்தினேன், வந்தது. மறுபடி ஓடவிட்டேன், போயிற்று. வைஃபையும் அந்த அடுப்பும் ஏறக்குறைய ஒரே அலையில் வேலை செய்பவை. கதவு இடுக்கில் கசிகிறது.

அடுப்பின் உள்ளே துடைத்துச் சுத்தமாக இருந்தது.

பழுது கண்டுபிடித்தாயிற்று. போர்டுக்கு ஒரு கேபிள் இழுத்துவிட்டால் வைஃபையே தேவையில்லை.

ஜூலை 25, செவ்வாய்

அரை நாள் விடுப்பு எடுத்தேன். வெயில் கடுமை. போர்டைப் பற்றி எழுத இன்று ஒன்றும் இல்லை.

ஜூலை 26, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதாமல் தூங்க முடியவில்லை.

நேற்று மதியம் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் போகவில்லை. எதிர்ச் சாரியில் ஜூஸ் கடையின் தட்டிக்குப் பின்னால் நின்றேன். என் மனதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அது அசிங்கமானது. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளை அப்படி நினைத்தவன் நான்.

ஒன்றரை மணிக்கு மேல் வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். வாசல் குழாயில் வாயைக் கொப்பளித்தார். ஆவுடை பின்னாலேயே வந்து துண்டைக் கொடுத்தாள். முகத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது, என் அண்ணன் சொர்ணலிங்கம். தலை முழுக்க நரைத்துவிட்டது. சட்டை தோளில் நிற்கவில்லை. துண்டை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான். தெருமுனை தாண்டித்தான் ஏறினான்.

போன ஐப்பசியில் டியூஷனுக்குப் போன தாரணியை ஸ்கூட்டரில் கூட்டிவரப் போனவன் அவன்தான். குடித்திருந்தான். வண்ணாரப்பேட்டை பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியோடு விழுந்தார்கள். அவனுக்குச் சிராய்ப்பு, பிள்ளைக்கு முழங்கை நொறுங்கிவிட்டது. தகடு வைத்திருக்கிறார்கள். இன்றும் அவளால் கையை முழுசாக நீட்ட முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன், இனிமேல் என் வாசலை மிதிக்காதே, நீ செத்தாலும் எனக்கு ஆள் அனுப்பாதே என்று. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் தனிக்கட்டை. ஆவுடைதான் கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். அண்ணனுக்குக் குடல்புண் உண்டு. ஆறிய சோறு ஆகாது. அதனால்தான் அடுப்பு.

ஜூலை 28, வெள்ளி

கேபிள் வாங்கி வந்தேன். இழுக்க நேரமில்லை.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்று ஆவுடை கேட்டாள்.

“இன்னும் இல்ல. பாத்துக்கிட்டிருக்கேன்” என்றேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

கல்லூரியில் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் போனைப் பார்க்கிறேன். ஒன்று இருபதுக்கு விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. முதலில் சோறும் குழம்பும், பிறகு ரசம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நானும் சாப்பிட்டேன்.

மோட்டாரைக் காலையிலேயே போட்டு நிரப்பிவிடுகிறேன். டீச்சர் வீட்டுக்கு இனி ஆபத்தில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மதியம் தொடர்பு அறவில்லை. மூன்று மணி வரை போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு மாணவன் தப்பான இணைப்புக் கொடுத்து அளவுமானி ஒன்றைப் புகைத்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் ஆவுடை, இன்று பாளை மார்க்கெட்டில் கடையடைப்பு என்று தானாகச் சொன்னாள். அண்ணன் அங்கே ஓர் அரிசி மண்டியில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறான். கடையடைப்பு பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

விழுந்தது. சரி.

ஆகஸ்ட் 16, புதன்

மார்க்கெட் வழியாக வந்தேன். முருங்கைக்கீரை இளசாக இருந்தது, வாங்கினேன். வாழைக்காய், மாங்காய், கத்தரிக்காயும். ஆவுடையிடம் கொடுத்து, “நாளைக்குக் கூட்டாஞ்சோறு பண்ணேன்” என்றேன்.

“வேலை நாள்லயா? அரைச்சு வதக்கி யாரு செய்வா காலையில? ஞாயித்துக்கிழம செய்யுதேன்.”

“நாளைக்குச் செய்யி. கொஞ்சம் கூடவே செய்யி.”

அவள் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கூட்டாஞ்சோறு என்றால் எங்கள் வீட்டில் யாருக்கு உயிர் என்று அவளுக்கும் தெரியும். நான் போர்டைத் துடைக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஒன்று பத்துக்கே விழுந்தது. வழக்கத்தைவிட நீளமாக. மூன்று நிமிடத்துக்கு மேல். மறுபடி விழவில்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்த சோறு, ரசத்துக்கு என்ன வேலை.

என் டப்பாவில் இருந்த கூட்டாஞ்சோற்றை எதிர் மேசை அலெக்ஸாண்டருக்குப் பாதி கொடுத்தேன். இன்று மனசு லேசாக இருக்கிறது. அடுத்த வாரம் ஒருநாள் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம் என்றிருக்கிறேன். சும்மா போகிறவன்போலப் போய், பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டியது. பேச்சு தானாக வரும்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

விழவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. மண்டியில் சரக்கு இறங்குகிற நாளாக இருக்கும்.

ஆகஸ்ட் 24, வியாழன்

நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்தேன். ஓடுகிறது. ராத்திரி பாலைச் சூடு பண்ணுகிற சாக்கில் மைக்ரோவேவைப் போட்டுப் பார்த்தேன். தொடர்பு அறுந்தது. அடுப்பிலும் குறையில்லை. எல்லாம் வேலை செய்கின்றன.

இன்று மதியம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தேர்வுத்தாள் கட்டுகள் வந்துவிட்டன. அவை இல்லாவிட்டாலும் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

இரண்டு வாரமாக மதியத்தில் ஒரு நொடிகூட விழவில்லை. மன்றத்தில் அந்த ஆள் ‘சரியாகிவிட்டதா?’ என்று கேட்டிருந்தார். ‘ஆகிவிட்டது, நன்றி’ என்று எழுதினேன்.

ஆவுடை சரியாகச் சாப்பிடுவதில்லை. ஜாக்கெட் ஒன்றுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள். இருபது வருஷமாகத் தைக்கிறவள்.

செப்டம்பர் 2, சனி

இன்று கேட்டுவிட்டேன். அவள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று, “அண்ணன் ஏன் வர்றதில்ல?” என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

“எந்த அண்ணன்? நீங்கதான் அண்ணனே கிடையாதுன்னுட்டீங்களே.”

“ஆவுடை.”

“அப்போ உங்களுக்குத் தெரியும். எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. முருங்கைக்கீரையோட வந்து நின்னப்போதான் நிச்சயமாச்சு.” மாவுக் கையோடு திரும்பினாள். “அன்னைக்கு அத்தான் வந்து உக்காந்ததும் நான்தான் சொன்னேன். அத்தான், தட்டுல இருக்கது உங்க தம்பி செய்யச் சொன்னது, அவுகளுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டுன்னு. சந்தோசப்படுவாவன்னு நெனச்சிட்டேன். கையில எடுத்த உருண்டைய அப்படியே தட்டுல வச்சிட்டாவ. அவனுக்கு எத்தன நாளாத் தெரியும்னு கேட்டாவ. ஒரு மாசம் இருக்கும் அத்தான், மைக்ரோவேவ் போடுதியான்னு அப்பவே கேட்டாவன்னேன். தட்ட மூடிட்டுக் கைய கழுவிட்டாவ. இனி வரமாட்டேம்மா, நீ கூப்பிடாதன்னு சொல்லிட்டுப் போனவுகதான்.”

“ஏன்?”

“எனக்கென்ன தெரியும்? நானும் கேட்டேன், சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாவ. குடிய விட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா உங்களுக்கு? பிள்ள விழுந்த அன்னையோட சரி. ஒருநாள் மார்க்கெட்ல பாத்தேன், வெறும் பன்ன டீயில முக்கித் தின்னுக்கிட்டு நிக்காவ. எனக்கு மனசு கேக்கல, கூப்பிட்டேன். பொய் சொன்னது தப்புத்தான். ஆனா உங்ககிட்ட நெசத்தச் சொல்லியிருந்தா சோறு போட விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டேன்.

உள் அறையிலிருந்து தாரணி வந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. “பெரியப்பா இங்க வந்துக்கிட்டா இருந்தாங்க?” என்று அம்மாவைக் கேட்டாள். பிறகு என்னிடம், “அடிபட்டது எனக்குத்தானப்பா? அவங்க வரக்கூடாதுன்னு நான் சொன்னேனா? என்ட்ட ஒருதடவையாவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

அரிசி மண்டிக்குப் போனேன். அண்ணன் வேலையை விட்டுவிட்டானாம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றின் குடோனுக்குக் காவலாகப் போய்விட்டான், தங்குவதற்கும் அங்கேயே இடம் என்று மண்டிக்காரர் சொன்னார். “நல்ல மனுசன். கணக்குல ஒரு பிழை வராது. திடீர்னு என்னவோ, இந்த ஊர்ல இருக்கப் பிடிக்கலன்னுட்டாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்றார்.

“தம்பி” என்றேன்.

“தம்பியா? தனக்கு யாருமில்லன்னுல்ல சொன்னாரு” என்றார் அவர்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் கோவில்பட்டி பஸ் ஏறினேன். கிளம்பும்போது, சாப்பாடு ஏதாவது கட்டித் தருகிறாயா என்று ஆவுடையிடம் கேட்டேன்.

“நீங்க கூப்பிடப் போறீங்களா, சோறு குடுக்கப் போறீங்களா? சோறு நான் குடுத்தாச்சு. வெறுங்கையோட போங்க” என்றாள்.

குடோன் ஊருக்கு வெளியே இருக்கிறது. தெரு முழுக்கப் பாகு காய்ச்சும் வாசனை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, “வாங்க தம்பி. உக்காருங்க” என்றான்.

நான் பிறந்ததிலிருந்து அவன் என்னை ‘ஏல’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். என் கல்யாண மேடையில் பெண் வீட்டார் முன்னாலேயே “ஏல குத்தாலம், மாலைய நேரா போடுல” என்று சத்தம் போட்டவன். பத்து வயது மூத்தவன்.

“என்னண்ணே, என்னப் போயி வாங்கங்க?”

“இருக்கட்டும். டீ குடிப்பீங்கள்ல?” எதிர்க்கடையில் ஒரு டீ மட்டும் வாங்கி வந்தான். தனக்கு வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது என்றான். “பிள்ளைக்குக் கை எப்படி இருக்கு? முழுசா நீட்டுதாளா?”

“கொஞ்சம் மடங்கித்தான் நிக்குது. எழுத, படிக்க ஒண்ணும் குறையில்ல.”

அவன் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்திலேயே கம்பெனிக்குள் பெண்கள் மிட்டாய் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“வீட்டுக்கு வாண்ணே” என்றேன். பஸ்ஸில் வரும்போது பெரிதாக என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். வந்தது இது ஒன்றுதான்.

“வாரேன். தீபாவளிக்கு லீவு கிடைக்கட்டும்.”

“லீவுக்கு இல்ல. இங்க இருக்க வேண்டாம். பழையபடி வந்துரு. நான் அன்னைக்குச் சொன்னது...”

“அன்னைக்கு நீங்க சொன்னது தப்பே இல்ல தம்பி.” என் பேச்சை வெட்டினான். “என் பிள்ளைய எவனாவது அப்படித் தள்ளியிருந்தா நான் வெட்டியே போட்டிருப்பேன். அத நான் மனசுல வச்சுக்கல. ஆவுடை கூப்பிட்டா, வந்தேன். தம்பிக்குத் தெரியாது, தெரிஞ்சா விடமாட்டான், கோவம் இன்னும் ஆறலன்னு நெனச்சேன். ஒளிஞ்சு வந்து தின்னதுக்கு எனக்கு வெக்கமே இல்ல. தம்பி கோவமா இருக்கான், ஆறும், ஆறினதும் கூப்பிடுவான்னு ஒரு இது இருந்துச்சு.”

நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்புறம் பாத்தா, கோவம் ஆறிப்போச்சு. ஒரு மாசமாத் தெரியும். கீரைகூட வாங்கிக் குடுத்திருக்கான். ஆனா வான்னு ஒரு வார்த்தை வரல. ஒரு மாசமா, ஒரு வார்த்தை. அப்போ நான் யாரு? அடுக்களையில வச்சு ஆருக்கும் தெரியாம சோறு போட்டு அனுப்புத ஆளு. அதுக்கு மேல அந்தச் சோறு எறங்கல.”

“நான் அடுத்த வாரம் வரணும்னு இருந்தேண்ணே. வந்து கூட உக்காந்து சாப்பிடணும்னு...”

“சரி” என்றான். நம்பினானா என்று தெரியவில்லை. நானே அதை முழுசாக நம்பவில்லை.

லாரி ஒன்று வந்தது. கதவைத் திறந்துவிட்டு, வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, மறுபடி வந்தான். வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள் என்றான். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். சீட்டுக் கிடைத்ததா என்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். காக்கிச் சட்டை அவனுக்குப் பெரிதாக இருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

என்ன சொன்னார் என்று ஆவுடை கேட்டாள். தீபாவளிக்கு வருவார் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, சனி

கேபிள் இழுத்துவிட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

தாரணி வாரம் ஒருமுறை பெரியப்பாவுக்குப் போன் போடுகிறாள். கணக்குப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண் வரை சொல்கிறாள். பள்ளி விளையாட்டு விழாவில் பந்து எறியப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கே இன்றுதான், அவள் அவனிடம் சொல்லும்போதுதான் தெரிந்தது. “கை வலிச்சா எறியாதட்டி” என்று அவன் கத்தியது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

“அப்பாட்ட குடுக்கட்டா?” என்றாள்.

நான் எழுந்து வந்தேன். போனை வாங்கினேன். “நல்லா இருக்கீங்களா தம்பி?” என்றான். இருக்கிறேன் என்றேன். வேலை எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றான். மழை உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

அண்ணன் வந்தான். பதினோரு மணிக்கு வந்து நான்கு மணிக்குப் போனான்.

புதுச் சட்டை போட்டிருந்தான். இரண்டு கிலோ கடலைமிட்டாய், ஆப்பிள், ஆவுடைக்குப் பூ. செருப்பை வாசலுக்கு வெளியே, தெருப்பக்கமாகக் கழற்றிவிட்டான். நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். விசிறி போடட்டுமா என்றால் வேண்டாம் என்றான், தண்ணீர் வேண்டுமா என்றால் பிறகு என்றான். ஆவுடை சமையலறையிலிருந்து, “அத்தான், வழக்கம்போல இங்கயே வந்து உக்காருங்களேன், அடுப்புப் பக்கம் பேசிக்கிட்டே சாப்பிடலாம்” என்று கூப்பிட்டாள். “இங்கயே போதும்மா” என்றான். அவள் அடுப்பங்கரை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இலையைக் கூடத்துக்கு எடுத்து வந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தாள். இரண்டாம் முறை ஊற்ற வந்தபோது இலைமேல் கையை வைத்து மறைத்தான். “நல்லா இருக்கு, போதும்” என்றான். யார் வீட்டிலோ சாப்பிடுகிறவன் அப்படித்தான் சொல்வான். ஊற்றச் சொல்லி வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. “வையும்மா, அண்ணன் சாப்பிடுவான்” என்று சொல்கிற உரிமை எந்த நாளில் என்னிடமிருந்து போயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்ட பிறகு தாரணி பந்து எறிந்து வாங்கிய சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்றாம் இடம். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தான். அவள் கையைப் பிடித்து, தழும்பின்மேல் பெருவிரலால் தடவினான். “வலிக்கா?” என்றான். “இல்ல பெரியப்பா.” அவன் அழுதான். அவள் தோளோடு அணைத்துக்கொண்டாள். ஆவுடை உள்ளே போய்விட்டாள். நான் அங்கேதான் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் இலைகளை எடுத்து மடித்தேன்.

பஸ் ஏற்றிவிட நானும் போனேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்தவன் என் தோளைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டான். புது பஸ் ஸ்டாண்டில் கோவில்பட்டி வண்டி கிளம்பத் தயாராக நின்றது.

“பொங்கலுக்கு வந்துரு” என்றேன்.

“பாக்கலாம் தம்பி. நீங்க பத்திரமாப் போங்க, கூட்டமா இருக்கு” என்றான்.

படியில் ஏறினான். பஸ் நகர்ந்தது. “அண்ணே” என்று கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை, சொல்ல எதுவும் கையில் இல்லை. அவன் படியிலிருந்து திரும்பி, கூட்டத்துக்கு மேலே, கும்பிட்டான்.